நூறாவது பறவை

தில்லிக்கு வந்த நம்மவர் சேர்த்த பொருள்கள் பலவகைப்படும். நான் சேர்த்தது ஒரு பட்டியல். குதுப் மினாருக்கு அருகிலுள்ள சஞ்சய் வனத்தில் கண்ட பறவைகளுக்கு மட்டுமே அதில் இடமுண்டு. 2011-இல் தொடங்கினேன். மயில், தவிட்டுக் குருவி, வால்காக்கை, சாம்பல் இருவாச்சி என்று முதல் ஐம்பது ஓராண்டிலேயே நிறைந்தது. பிறகு ஆண்டுக்கு நான்கு, ஐந்து என்று தளர்ந்து, தொண்ணூற்றொன்பதில் நின்றுவிட்டது.

வனம் என்றதும் அன்பர்கள் அடர்ந்த கானகத்தை எண்ணிவிட வேண்டா. பெரும்பகுதி, நம் ஊர்க் கண்மாய்களை அடைத்து நிற்கும் அதே சீமைக்கருவேலந்தான். நடுநடுவே பழங்கோட்டைச் சுவரின் இடிபாடுகள்.

2022 மழைக்காலத்தில் அங்கே இரண்டு சுரங்கொண்ட சீழ்க்கையொன்று கேட்டேன். ஆறுமணிக் குருவி! காலையும் மாலையும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் நம்மவர் இட்ட பெயர். இந்தியில் 'நவரங்' என்பர். குளிர்காலத்தைத் தென்னாட்டிலும் இலங்கையிலும் கழித்துவிட்டு, கோடையில் கூடு கட்ட வடக்கே வரும் பறவை அது.

"குரல் கேட்டாலும் கணக்குத்தான், மாமா, எழுதிவிடுங்கள்" என்றான் அடுத்த வீட்டுப் பிள்ளை. அவன் சொன்னது முறையே. பறவை நோக்குவோர் செவிக்கும் மதிப்பளிக்கின்றனர். ஆனால் என் குறிப்பேட்டின் முகப்பில் 'கண்டவை' என்றல்லவா எழுதியிருக்கிறேன்! மனம் ஒப்பவில்லை. 2023-லும் குரல் மட்டுமே கிடைத்தது.

இதற்கிடையே மகன் சென்னைக்கு அழைத்துவிட்டான். 2024 ஆகஸ்டில் வீட்டைக் காலிசெய்வதென்று முடிவாயிற்று. இல்லாள் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருக்க, நான் நாள்தோறும் விடியுமுன் வனத்துக்குப் போனேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, அதுவே பேருபகாரம்.

ஜூலையில், மழை ஓய்ந்த ஒரு காலை. குரலே இல்லை. சுவரோரம் ஈரச்சருகை எதுவோ புரட்டும் அரவம் மட்டும் கேட்டது. அப்படியே அமர்ந்தேன். பத்தடி தொலைவில் பசிய முதுகு, கண்ணின் குறுக்கே கரிய பட்டை, குட்டை வால், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. மண்புழு ஒன்றை இழுத்து விழுங்கியது. தத்தித் தத்திப் புதருள் மறைந்தது. அரை நிமிடம் இருக்கலாம். கழுத்தில் தொங்கிய தொலைநோக்கியைத் தொடவே தோன்றவில்லை.

வீடு திரும்பி, எண் 100 என்று எழுதி நாளையும் இட்டேன். "இனி இதையும் கட்டலாமா?" என்று கேட்டு, குறிப்பேட்டை வாங்கிப் புத்தகப் பெட்டியில் வைத்தாள்.

அவ்வாண்டு ஐப்பசியில், சென்னையில், எங்கள் வீட்டுப் பின்புறத்து மாமரத்தடியில் ஆறுமணிக் குருவி சருகைப் புரட்டிக்கொண்டிருந்தது. புதிய குறிப்பேட்டில் அதற்கு எண் ஏழு.