ஹைகிரவுண்ட் அண்ணன்மார்

எனக்கு உடன்பிறந்தவன் தம்பி ஒருவன்தான். ஆனால் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் எங்கள் வீட்டில் என்றைக்குமே குறைவு இருந்ததில்லை. எண்பதுகளில் பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் ஓர் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். பொழுது சாய்ந்தால் முன்வாசல் சுவரில் சைக்கிள்கள் வரிசையாக வந்து சாயும். மெடிக்கல் காலேஜ் பையன்கள் ஹைகிரவுண்டிலிருந்து வருவார்கள். சேவியர்ஸிலும் ஜான்ஸிலும் படிக்கிறவர்கள் பேசிக்கொண்டே நடந்து வருவார்கள். சாராள் தக்கர் கல்லூரி அக்காமார் இருட்டுவதற்குள் விடுதிக்குத் திரும்ப வேண்டும் என்பதால் சனிக்கிழமை மத்தியானமே வந்துவிடுவார்கள். எல்லாரும் என் அப்பாவை 'அண்ணன்' என்பார்கள், அம்மாவை 'அக்கா' என்பார்கள். நானும் தம்பியும் அவர்களை அண்ணன், அக்கா என்போம். இது என்ன முறை என்று ஆச்சி கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள்.

அப்பா கல்லூரி மாணவர்கள் நடுவில் ஊழியம் செய்தவர். யு.இ.எஸ்.ஐ. என்ற கிறிஸ்தவ மாணவர் இயக்கம் 1954இல் நம் நாட்டில் தொடங்கியது. அது நடத்தும் ஐக்கியத்தைக் கல்லூரிகளில் 'ஈ.யு.' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கூட்டத்தை நடத்துவது, ஜெபத்துக்கு ஆள் சேர்ப்பது, வேதபாடத்துக்குக் கேள்வி தயாரிப்பது எல்லாம் மாணவர்கள் பொறுப்பு. ஊழியர் பின்னால் இருந்து கைகொடுப்பார், அவ்வளவுதான். அதனால்தான் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். மற்ற பிள்ளைகளின் அப்பாமாரைப் போல என் அப்பா ஏன் முன்னால் நிற்பதில்லை என்று சின்ன வயதில் எனக்கு ஏக்கமாக இருக்கும். கல்லூரி முடித்து அரசாங்க வேலை கிடைத்து, அதையும் விட்டுவிட்டு இதற்கு வந்தவர் அவர். தாத்தா அதற்காக இரண்டு வருஷம் அப்பாவோடு பேசவில்லை என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பா வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்ததே இல்லை.

விடிவதற்கு முன்னால் எனக்கு விழிப்புத் தட்டினால் முதலில் காதில் விழுவது பெயர்கள். அப்பா பின்கட்டில் பாய் விரித்து முழங்காலில் நின்று, அரிக்கேன் விளக்கின் பக்கத்தில் ஒரு நீள நோட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஜெபிப்பார். பெயரோடு ஒரு காரியமும் இருக்கும். ஒருவருக்கு அரியர், இன்னொருவரின் அம்மாவுக்கு ஆபரேஷன், மற்றொருவர் வீட்டில் விதைப்புக்கு மழை இல்லை. படித்து முடித்துப் போனவர்களின் பெயரை அவர் அடிப்பதில்லை. பக்கத்தின் ஓரத்தில் ஊர் பெயரை மட்டும் மாற்றி எழுதுவார். கட்டாக், ஜாம்ஷெட்பூர், விசாகப்பட்டினம் என்ற ஊர்களையெல்லாம் பூகோளப் புத்தகத்தில் படிக்கும் முன்னே நான் அந்த நோட்டிலிருந்து தெரிந்துகொண்டேன்.

சில சாயங்காலங்களில் சைக்கிளின் முன்கம்பியில் துண்டை மடித்துப் போட்டு என்னையும் ஏற்றிக்கொண்டு போவார். ஊசிக்கோபுரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். 1826இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் கட்டிய கோவில் அது என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார், நானும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்பேன். மெடிக்கல் காலேஜ் மைதானத்து ஓரத்தில் வேப்பமரத்தடியில் எட்டுப் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். யாரோ ஓர் அண்ணன் வேதபாடம் நடத்துவார். அப்பா சொல்லிக்கொடுத்த மூன்று கேள்விகள் எனக்கும் மனப்பாடம். இங்கே என்ன சொல்லியிருக்கு? அதற்கு அர்த்தம் என்ன? நாளைக்குக் காலையில் நான் என்ன செய்யணும்? மூன்றாவது கேள்வி வரும்போது வட்டம் கொஞ்சம் அமைதியாகும். மெஸ் பில் கட்டாமல் இழுத்தடிப்பதையும், ரூம்மேட்டோடு பேசாமல் இருப்பதையும் அங்கேதான் சொல்வார்கள். அப்பா அப்போதும் பேசமாட்டார், புல்லைக் கிள்ளிக்கொண்டு கேட்டிருப்பார்.

அந்த அண்ணன்மார் துணிப்பையில் எலும்பு கொண்டுவருவார்கள். தொடை எலும்பை என் தொடைக்கு நேராக வைத்து அளந்து காட்டி, மணிக்கட்டில் இருக்கிற எட்டுக் குட்டி எலும்புகளின் பெயரை எனக்கு ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார் ஒருவர். அந்தப் பையை மட்டும் அம்மா அடுப்படிப் பக்கம் அண்டவிட மாட்டாள். திண்ணைக் கொக்கியில்தான் அது தொங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் விடுதிப் பிள்ளைகளுக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு. எத்தனை பேர் வருவார்கள் என்று அம்மாவுக்கு முன்கூட்டியே தெரியாது. அரைக் கிலோ கறியை நறுக்கி, அதில் உருளைக்கிழங்கும் முருங்கைக்காயும் போட்டுப் பெருக்கிவிடுவாள். ஆழ்வார்திருநகரியிலிருந்து வந்த ஓர் அண்ணன் சைவம். அவர் வருகிற வாரம் தேங்காயைத் துருவி மூன்று பாலும் தனித்தனியே எடுத்து சொதி வைப்பாள். சொதி என்றால் எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் வைக்கிற குழம்பு. அதை ஒரு பையனுக்காக, புதிதாக விளக்கிய பாத்திரத்தில், தனிக் கரண்டி போட்டு வைப்பாள். "அந்தத் தம்பிக்கு மனசு நெருடக் கூடாதுல்லா" என்பாள். கறிச்சட்டி அன்றைக்கு அடுப்பிலேயே ஏறாது. இஞ்சிப் பச்சடியோடு சொதி கிடைக்கும் என்பதால் எனக்கும் தம்பிக்கும் அந்த அண்ணன் வரவு தனிச் சந்தோஷம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜெபக் கடிதம் போகும். அப்பா தட்டச்சு மிஷினில் ரிப்பன் படாதபடி குமிழை மாற்றிவைத்து ஸ்டென்சில் தாளில் அடிப்பார். எழுத்து விழுந்த இடமெல்லாம் மெழுகு கிழிந்து வெளிச்சம் தெரியும். தப்பு விழுந்தால் சிவப்பாக ஒரு திரவத்தைத் தடவி, ஊதி, காயவைத்து மறுபடி அடிக்க வேண்டும். ஊதுவது என் வேலை. தெரிந்தவர் அலுவலகத்தில் சைக்ளோஸ்டைல் எடுத்து வந்து இரவு முழுக்க மடிப்போம். நாலைந்து அண்ணன்மார் வந்துவிடுவார்கள். ஒருவர் மடிக்க, ஒருவர் விலாசம் எழுத, தம்பி தபால்தலை ஒட்டுவான். புக் போஸ்ட் என்பதால் உறையின் வாயை ஒட்டாமல் உள்ளே செருகிவிட வேண்டும். விரலெல்லாம் மை. அம்மா கருப்பட்டிக் காப்பி போட்டுக்கொண்டே இருப்பாள். என் பால்யத்தில் திருவிழா என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

ஒரு வருஷம் பர்ஸ்ட் எம்.பி.பி.எஸ். ரிசல்ட் வந்த அன்று, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் கிராமத்து அண்ணன் ஒருவர் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். அவர் வம்சத்திலேயே எஸ்.எஸ்.எல்.சி. தாண்டிய முதல் ஆள் அவர். அனாட்டமியில் போய்விட்டது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அப்பா வந்து பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. "பாப்பா, கேரம் போர்டு எடுத்துட்டு வா" என்றார். மூன்று பேருமாக ஆடினோம். போர்டில் போரிக் பவுடர் தூவி, உள்ளங்கையால் தேய்த்து, காய்களை அடுக்கியது அப்பாதான். அந்த அண்ணன் ஸ்ட்ரைக்கரை எங்கே பார்த்து அடிக்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டு ஆட்டம் முடிந்தது, மூன்றாவதில் அவர் குனிந்தபடியே அழுதார். பவுடர் மேல் கண்ணீர் சொட்டி ஆங்காங்கே திட்டாயிற்று. அப்பா தன் முறை வந்தபோது ஆடாமல் காத்திருந்தார். உள்ளே அம்மா தோசைக்கல்லைப் போட்டிருந்தாள். அவர் சாப்பிட்டார், நிறையவே சாப்பிட்டார். பிறகு அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவரோடு ஹைகிரவுண்ட் வரைக்கும் நடந்து போனார். இரவு வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினார்.

மறுபரீட்சைக்குப் பணம் கட்ட அந்த அண்ணனிடம் இல்லை. ஊருக்கு எழுதினால் அங்கே ஆட்டை விற்க வேண்டியிருக்கும். ஜூன் மாதம் எனக்குப் பள்ளிக்கூடச் செருப்பு வாங்க அம்மா அஞ்சறைப்பெட்டிக்குக் கீழே வைத்திருந்த பணம் இருந்தது. அப்பா அதைத் தானாக எடுக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்து, "அடுத்த மாசம் வாங்கிக்கிடலாமா பாப்பா?" என்று கேட்டார். சரி என்றேன். அந்தச் சம்மதத்தில் பெருமையும் இருந்தது, அழுகையும் இருந்தது. இரண்டையும் அம்மா பார்த்தாள். வாரறுந்த பழைய செருப்பை மார்க்கெட்டில் கொடுத்துத் தைத்து வாங்கி வந்தாள்.

அவர் பாஸ் செய்தார், டாக்டர் ஆனார். கடைசிவரை ஈ.யு. கூட்டத்துக்கு வந்தார், எங்கள் வீட்டுக்கும் வந்தார், ஆனால் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. அப்பாவுக்கு அதில் ஆசை இருந்திருக்கும், இல்லாமல் இராது. தான் நம்பிய ஆண்டவரை எல்லாரும் அறிய வேண்டும் என்பதற்காகத்தானே வேலையை விட்டார். ஆனால் நோட்டில் அவர் பெயர் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது, அதைச் சொல்லும்போது அப்பாவின் குரல் மாறியதில்லை. ஊழியத்தை எண்ணிக்கையில் அளக்கிறவர்களைப் பிற்பாடு நிறையப் பார்த்துவிட்டேன். அந்த அளவுக்குள் என் அப்பா செய்தது எதுவும் அடங்காது.

ஒரு மே மாத முகாம் முடிந்து திரும்புகையில் மாணவர்களோடு எங்களையும் டோனாவூருக்குக் கூட்டிப்போனார். களக்காட்டு மலையடிவாரம். 1895இல் இந்தியாவுக்கு வந்து, ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பாமல், 1951இல் அங்கேயே இறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் பிள்ளைகளை வளர்த்த இடம். தனக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அவர் வளர்த்த பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்து, அதில் 'அம்மா' என்று மட்டும் பொறித்திருக்கிறார்கள். அண்ணன்மார் சுற்றி நின்று ஏதேதோ பேசினார்கள். என் அம்மா மட்டும் தொட்டியில் விழுந்திருந்த சருகுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பாவுக்குச் சம்பளம் என்பது பட்டதாரிகள் கொடுக்கும் காணிக்கைதான். வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல், இங்கே படித்து வேலைக்குப் போனவர்களே இந்த ஊழியத்தைத் தாங்க வேண்டும் என்பது இயக்கத்தின் கொள்கை. பெரும்பாலும் அலுவலகம் வழியாக வரும். எங்கள் வீட்டுக்கென்று பிரியமாக அனுப்புகிறவர்கள் மணியார்டர் அனுப்புவார்கள். தபால்காரர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, பாரத்தின் அடியில் இருக்கிற கூப்பனைக் கிழித்து என் கையில் தருவார். அந்தத் துண்டில் நாலு வரிதான் எழுத முடியும். சிலர் வசனத்தின் எண்ணை மட்டும் எழுதுவார்கள். பிலிப்பியர் 4:19 அடிக்கடி வரும், நான் ஓடிப்போய் வேதாகமத்தைப் புரட்டி அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவேன். சிலர், முதல் சம்பளம் அண்ணா, முதற்பலன் என்று எழுதியிருப்பார்கள். அம்மா கூப்பன்களை நூலில் கோத்து ஆணியில் மாட்டியிருந்தாள். பணம் வராத மாதங்களில், கஞ்சியும் துவையலுமாகப் போகிற நாள்களில், அதை எடுத்துப் பெயர் பெயராகப் பார்ப்பாள். "கர்த்தர் பார்த்துக்கிடுவாரு" என்று அவள் சொல்வதற்கு ஆதாரமாக அந்தக் கோப்பு அவளுக்கு இருந்தது.

பிரிவுதான் பழகவே இல்லை. நாலைந்து வருஷம் நம் வீட்டுப் பிள்ளையாக இருந்துவிட்டு ஒருநாள் டிரங்குப் பெட்டியோடு ஜங்ஷனில் நிற்பார்கள். நெல்லை எக்ஸ்பிரஸ் கிளம்பும்வரை அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, போகிற ஊரில் எந்தச் சபை, யாரைப் பார்க்க வேண்டும், எந்தத் தெருவில் வீடு என்று சொல்லிக்கொண்டிருப்பார். வண்டி போனதும் நாங்கள் பேசாமல் பாலம் கடந்து நடந்து வருவோம். தம்பி ஒவ்வொரு வருஷமும் அழுதான். அப்பா அவனைச் சமாதானப்படுத்த முயன்றதே இல்லை, தோளில் தூக்கிக்கொள்வார்.

பிற்பாடு நான் மதுரையில் லேடி டோக்கில் படித்தபோது வேறொரு ஊழியர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போனேன். அந்த அக்கா குழம்பைப் பெருக்கிய விதத்தை அடுப்படி வாசலில் நின்று பார்த்ததுமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவர்களுக்கு நாலு வயதில் ஒரு பெண். கூட்டம் முடியும்வரை யார் மடியிலாவது உட்கார்ந்திருப்பாள். வாரில் ஊக்கு குத்திய செருப்பு போட்டிருந்தாள்.

சென்னையில் வேலை கிடைத்து முதல் சம்பளம் வாங்கியதும் மயிலாப்பூர் தபாலாபீஸுக்குப் போய் அந்த அக்கா பெயருக்கு மணியார்டர் பாரம் நிரப்பினேன். கூப்பனில் இப்படி எழுதினேன்: "அக்காவுக்கு ஸ்தோத்திரம். இதில் நூறு ரூபாய் பாப்பாவுக்குச் செருப்பு வாங்க. யார் பரீட்சைக்குப் பணம் கட்டவும் இதை எடுக்கக் கூடாது. அதற்கு அடுத்த மாதம் தனியே அனுப்புகிறேன்."