கொதிக்க வைத்தேன் என்று சொன்னேன்

"கல்லைக் கொதிக்க வைத்தாயா?" என்று அவர் கேட்டார். "வைத்தேன்" என்றேன். வைக்கவில்லை. அந்த ஒரு சொல்லால் என்ன ஆனது என்பதை மூன்று ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

நான் இருப்பது அமெரிக்காவில், ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டில். இங்கே வீட்டில் பீர் காய்ச்சுவது சட்டப்படி சரி. 1978 அக்டோபரில் அன்றைய அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அதற்கு வழிவிட்டது. வீட்டில் பெரியவர் ஒருவர் மட்டும் என்றால் ஆண்டுக்கு 100 காலன், அதற்கு மேல் இருந்தால் 200 காலன். விற்கக் கூடாது, அவ்வளவுதான். எனக்கு இந்த வேலையைக் கற்றுத்தந்தவர் எங்கள் தெருவிலேயே மூன்று வீடு தள்ளி இருக்கும் பெரியவர். பணி ஓய்வு பெற்றவர். காய்ச்சும் நாளில் அதிகம் பேசமாட்டார். கேள்வி மட்டும் கேட்பார்.

முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் இனிப்பான சாறு கிடைக்கும். அதற்கு வோர்ட் என்று பெயர். கசப்புக்காக ஹாப்ஸ் பூவைப் போட்டு அதை ஒரு மணி நேரம் கொதிக்க விடுவோம். கொதிக்கும்போது அதில் கரைந்திருந்த ஆக்சிஜன் எல்லாம் போய்விடும். ஈஸ்ட்டுக்கோ தொடக்கத்தில் ஆக்சிஜன் வேண்டும். ஒன்று பலவாகப் பெருகும்போது ஒவ்வொரு செல்லுக்கும் புதுச் சவ்வு தேவை; அந்தச் சவ்வுக்கான ஸ்டெராலை ஆக்சிஜன் இல்லாமல் ஈஸ்ட்டால் தயாரிக்க முடியாது. காற்றே இல்லாத இடத்தில் ஈஸ்ட் வளர வேண்டுமானால் எர்கோஸ்டெரால் என்ற அந்த ஸ்டெராலை நாம்தான் ஊட்ட வேண்டும் என்பதை ஆண்ட்ரியாசன், ஸ்டையர் என்ற இருவர் 1953-இல் சோதித்துக் காட்டினார்கள். ஆறவைத்த வோர்ட்டைக் குடுவையோடு சேர்த்துக் குலுக்கினால் காற்றிலிருந்து லிட்டருக்கு 8 மில்லிகிராம் வரை ஆக்சிஜன் ஏறும். அதற்கு மேல் காற்றால் முடியாது. இனிப்பு கூடிய, காட்டமான பீருக்கு அது போதாது. அப்போதுதான் சிலிண்டரும் கல்லும் வேண்டியிருக்கிறது.

கல் என்றாலும் அது கல் இல்லை. மீன் தொட்டியில் ஒரு கல் குமிழி விடுகிறதே, அதன் வேலையையே செய்வதால் அந்தப் பெயர். துருப்பிடிக்காத எஃகின் தூளை அச்சில் அழுத்தி, உருகிவிடாத சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டவைத்துச் செய்வது. என் சுண்டுவிரலின் முதல் கணு அளவுதான் இருக்கும். தொட்டால் மணல்தாள் போல லேசாகச் சொரசொரக்கும். ஆனால் தொடக் கூடாது. விரலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கே அதன் துளைகளை அடைத்துவிடும்.

முதலில் நான் வாங்கியதே தவறு. 2 மைக்ரான் துளை உள்ளதை வாங்கினேன். அது காற்று பம்புக்கு ஏற்றது. சிறிய பம்பின் அழுத்தத்துக்கு அந்தத் துளைதான் சரி. என்னிடம் இருந்ததோ ஆக்சிஜன் சிலிண்டர். குமிழிகள் பெரிது பெரிதாக எழுந்து மேலே வந்து உடைந்தன. கரைய வேண்டிய வாயு கூடத்துக்குள் போனது. பெரியவர் பார்த்துவிட்டு, "சிலிண்டருக்கு 0.5 வாங்கு" என்றார். வாங்கினேன். நிமிடத்துக்கு 1 லிட்டர் வீதம் ஒரே ஒரு நிமிடம் விட்டால் 19 லிட்டர் வோர்ட்டில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் வந்துவிடும். பால் கலந்தது போல வோர்ட் வெளுக்கும். அதைப் பார்த்த முதல் நாள் எனக்கு இருந்த சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை.

துளை எவ்வளவு சிறியதோ அவ்வளவு கவனம் வேண்டும். கல்லை வோர்ட்டில் இறக்கும் முன்பே வாயுவைத் திறக்க வேண்டும். வெளியே எடுத்த பிறகுதான் மூட வேண்டும். உள்ளே இருக்கும்போதே மூடினால், திரி எண்ணெயை உறிஞ்சுவது போலக் கல் வோர்ட்டை உறிஞ்சிக்கொள்ளும். எடுத்த கையோடு வெந்நீரில் முக்கி, வாயு ஓட ஓட அலச வேண்டும். அடுத்த முறை போடுவதற்கு முன்னால் 15 நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும். கிருமிநாசினியில் முக்குவது மட்டும் போதாது. துளைக்குள் காய்ந்து கிடக்கும் புரதத்தையும் சர்க்கரையையும் தாண்டி அது உள்ளே போகாது, சூடு போகும். பிளீச் ஆகவே ஆகாது, எஃகை அரித்துவிடும். இவை எல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

முதல் நான்கு முறை ஒழுங்காகச் செய்தேன். ஐந்தாவது முறை இரவு பதினொன்று ஆகிவிட்டது, மறுநாள் வேலை. வாயுவை மூடினேன், கல்லை எடுத்தேன், குழாயடியில் ஒரு தடவை காட்டினேன், டிராயரில் போட்டேன். அடுத்த முறை கிருமிநாசினியில் முக்கி எடுத்து அப்படியே இறக்கினேன். அதற்கு அடுத்த முறையும் அப்படியே.

அந்த இரண்டு முறையும் பெரியவர் கொடுத்த ஈஸ்ட்டைத்தான் போட்டேன். ஒரு பீர் முடிந்ததும் அடியில் படியும் ஈஸ்ட்டை ஜாடியில் எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்து, அடுத்ததற்கு உறை ஊற்றுவது போல ஊற்றுவார். நான்கு ஆண்டுகளாக அப்படியே தொடர்ந்து வந்த ஈஸ்ட் அது. தன் ஜாடியில் பாதியை எனக்குக் கொடுத்திருந்தார்.

இரண்டு பீரும் கெட்டன. திறந்ததும் வெண்ணெய் வாசனை, வாயில் வைத்தால் நாள்பட்ட மோர் போலப் புளிப்பு. ஈஸ்ட் சோர்ந்துபோனாலும் வெண்ணெய் வாசனை வரும். அது எனக்கு வசதியாகப் போயிற்று. "உங்கள் ஈஸ்ட்டில்தான் ஏதோ சேர்ந்துவிட்டது போல" என்று அவரிடம் சொன்னேன். அவர் கோப்பையை வாங்கி முகர்ந்தார், ஒரு வாய் குடித்தார். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் அந்தப் பதிலைச் சொன்னேன்.

அது மே மாதம். ஜூனில் அவர் மகளுக்குக் கல்யாணம். அதற்கு அவரே பீர் காய்ச்சுவதாக இருந்தது. மீதிப் பாதியை நம்பி இறங்க அவருக்கு மனம் வரவில்லை. என் கண் முன்னாலேயே ஜாடியைத் திறந்து சமையலறைத் தொட்டியில் ஊற்றினார். கெட்டியான, வெளிர் பழுப்பு நிறக் கூழ்; சட்டென்று வழியாமல் மெல்ல இறங்கியது. பிறகு வெந்நீரை விட்டுத் தொட்டியைக் கழுவினார். நான் அருகில் நின்றேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

கல்யாணத்துக்கு உலர் ஈஸ்ட் பாக்கெட் வாங்கிக் காய்ச்சினார். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள், நானும் சொன்னேன். "இது என்னுடையது இல்லை" என்றார்.

அடுத்த மாதம்தான் கல்லை எடுத்தேன். தண்ணீர்க் கோப்பையில் போட்டு வாயுவைத் திறந்தால் ஒரு பக்கம் மட்டுமே குமிழி வந்தது. சின்னப் பாத்திரத்தில் கொதிக்க வைத்தேன். ஐந்து நிமிடத்தில் கல்லிலிருந்து பழுப்பாக ஒரு நூல் இறங்கியது. பத்து நிமிடத்தில் தண்ணீர் முழுவதும் நீர்த்த தேநீர் நிறம். குனிந்து முகர்ந்தேன். என் கெட்டுப்போன பீரின் அதே புளித்த வாடை. அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவருடைய ஈஸ்ட்டில் ஒரு குறையும் இருந்திருக்கவில்லை.

அன்று சாயங்காலமே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மூன்று வீடு தாண்டுவதற்கு மூன்று ஆண்டு ஆயிற்று. சோம்பல் பட்டதை என்னால் மன்னித்துக்கொள்ள முடிகிறது. களைத்த இரவில் யாருக்கும் நேரக்கூடியது அது. ஒரு மனிதரை அவருடைய கைச்சுத்தத்தையே சந்தேகிக்க வைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் ஈஸ்ட் சேர்த்து வைப்பதையே விட்டுவிட்டார். தனக்கு வயதாகிவிட்டது, முன்போல் கை சுத்தமாக இல்லை என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதை நான் இரண்டு முறை பக்கத்தில் இருந்து கேட்டேன்.

போன மாதம் போய்ச் சொன்னேன். கல்லையும் கையில் கொண்டுபோனேன். வாங்கவில்லை, பார்த்தார். வெகு நேரம் கழித்து, "அப்படியானால் என் ஈஸ்ட் நன்றாகத்தான் இருந்தது" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. என்னை வாசல் வரை வந்து வழியனுப்பினார். அதன் பிறகு இன்றுவரை அவர் என்னைக் காய்ச்சக் கூப்பிடவில்லை.

வீட்டில் இந்தக் கல்லை வைத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த பீர் வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே ஒரு சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதைப் பதினைந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். தண்ணீர் நிறம் மாறினால், நீங்கள் யார் ஈஸ்ட்டைக் குறை சொன்னீர்களோ அவர் வீட்டுக்கு இன்றே போங்கள்.