மலிவு

விலை குறைவாக இருக்கிறதே என்பதுதான் முதல் மகிழ்ச்சி. முதல் சந்தேகமும் அதுவே. 2003 முதல் 2012 வரை தயாரிக்கப்பட்ட மாஸ்டா ஆர்.எக்ஸ்-8 ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழையதாக வாங்க எண்ணியிருந்தேன்.

இதன் எஞ்சினில் ஏறி இறங்கும் பிஸ்டன்கள் கிடையாது. முக்கோண வடிவ ரோட்டார்கள் இரண்டு சுழல்கின்றன. ஒவ்வொரு முனையிலும் ‘அபெக்ஸ் சீல்’ எனும் மெல்லிய பட்டை, அறைச் சுவரை ஓயாது உரசியபடி வாயு கசியாமல் காக்கிறது. 1960களில் அப்பட்டைகள் சுவரில் இட்ட வரிகளை மாஸ்டா பொறியாளர்கள் ‘சாத்தானின் நகக்கீறல்கள்’ என்றே அழைத்தார்கள். அதை வென்றவர்கள் 1991இல் லெ மான்ஸ் பந்தயத்தையும் ரோட்டரி எஞ்சினால் வென்றார்கள். தேய்மானத்தை மட்டும் முற்றிலும் வெல்ல இயலவில்லை.

பட்டைகளுக்கு வழவழப்பூட்ட, எஞ்சின் ஆயிலைச் சிறிது சிறிதாக எரிக்கிறது. அது பழுதன்று, இயல்பு. அதையறியாமல் ஆயில் அளவைப் பார்க்காது விடுபவர்கள் அநேகம். பட்டை தேய்ந்தால் அழுத்தம் குறையும். சூடான எஞ்சின் மீண்டும் கிளம்பத் தயங்கும். பிரித்துச் சீராக்கும் செலவு பலவேளை காரின் விலையையே விஞ்சிவிடும்.

நான் பார்த்த காரை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, மீண்டும் சாவியைத் திருப்பினேன். உடனே கிளம்பியது. ரோட்டரிக்கென்றே உள்ள கருவியால் அழுத்தத்தையும் அளந்தாயிற்று. குறையொன்றுமில்லை.

ஆனால் என்றோ ஒருநாள் வரப்போகும் அந்தச் செலவையும் சேர்த்ததுதானே உண்மையான விலை? என்னிடம் காருக்கு மட்டுமே பணமிருந்தது. சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். வருத்தமுண்டு, தவறிழைத்ததாக நினைக்கவில்லை.