பஞ்சின் முரண்டு

நெல் மூட்டைக்குள் தன் எடையாலேயே அடங்கிவிடும். பஞ்சு அப்படியன்று, அமுக்கிய கையை எடுத்ததும் நிமிர்ந்துவிடும். அமெரிக்கத் தென்மாநிலங்களின் பழைய பருத்தி அழுத்துபொறிகளைப் பற்றி வாசிக்கையில், அவற்றின் வடிவமைப்பு முழுவதும் இந்த முரண்டுக்குச் சொன்ன பதிலாகவே எனக்குப் பட்டது.

எலி விட்னி 1794இல் காப்புரிமை பெற்ற அரவை இயந்திரம் விதையை விரைந்து பிரித்தது. பஞ்சு மலையாய்க் குவிந்தது. தொடக்கத்தில், மாடித்தளத்தில் துளையிட்டு அதில் நீண்ட சாக்கைத் தொங்கவிட்டு, உள்ளே ஓர் அடிமையை இறக்கி மிதிக்க வைத்தார்கள். பஞ்சுத்தூசிக்கு நடுவே அந்த மனித உடல்தான் அழுத்துபொறி. (நான் வாசித்த விவரணைகள் இந்த இடத்தை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன.)

பிறகு மரத்திருகு வந்தது. பருத்த மரமொன்றில் மரை செதுக்கி, உச்சியில் பொருத்திய இரு நெடிய துலாக்களைத் தரையை நோக்கிச் சரித்திருப்பார்கள். அவற்றில் பூட்டிய கோவேறு கழுதைகள் செக்குமாடுகளைப் போலச் சுற்றிவர, திருகு சிறுகச் சிறுக இறங்கிப் பெட்டிக்குள் பஞ்சை நெருக்கும். விலங்கு நடக்கும் வட்டம் பெரிது, திருகு இறங்கும் தூரம் சிறிது. அந்த வேறுபாடே அழுத்தமாகிறது. திருகைத் தளர்த்துமுன் பெட்டியின் பக்கங்களைத் திறந்து, சாக்குத்துணி சுற்றிக் கயிற்றால் இறுக்கிவிட வேண்டும். பொதி ஏறத்தாழ 400 பவுண்டு. வட கரோலினாவின் டார்பரோவில் இத்தகைய பொறியொன்று பாதுகாக்கப்பட்டுள்ளது.

அடிமை சாக்கிலிருந்து வெளியே வந்தார், வயலுக்குத்தான். பொறியின் தச்சுவேலையிலும் பல தோட்டங்களில் அவர் கையே இருந்தது. துறைமுகத்திலோ நீராவிப் பொறி அதே பொதியை மறுபடி நெருக்கியது. கப்பலில் இடத்துக்கு அவ்வளவு விலை.