ஆரபியில் ஓர் அழைப்பு

ஸ்ரீரங்கத்து ரங்கநாதர்மேல் தியாகராஜர் (1767–1847) பாடிய கீர்த்தனைகள் ஐந்தை ஸ்ரீரங்க பஞ்சரத்தினம் என்பார்கள். ஐந்துக்கும் உரிய மரியாதையைக் கச்சேரியில் தனியாக வாங்கிக்கொள்வது 'ஓ ரங்கசாயீ'தான். ராகம் காம்போதி, ஆலாபனை, நிரவல், ஸ்வரம் என்று வித்வான் விஸ்தாரமாக விளையாட இடம் உண்டு.

ஆரபியில் அமைந்த 'ஜூதாமு ராரே', பெரிய மனிதர்களுக்கு நடுவே பந்தியில் உட்கார்ந்த ஏழை உறவினன் மாதிரி. இந்தப் பக்கம் காம்போதி. அந்தப் பக்கம், அதே ஆரபியில், திருவையாற்று ஆராதனையில் வருஷந்தோறும் கோஷ்டியாகப் பாடும் 'ஸாதிஞ்சனே'. இதன் இலையில் பாயசம் விழுவதே கஷ்டம்.

ஆனால் பாட்டின் பெயரைக் கவனியுங்கள். 'பார்ப்போம், வாருங்கள்' என்று அர்த்தம். ரங்கனைப் பார்க்க ஒருத்தி தோழிகளைக் கூப்பிடுகிறாள். கூப்பிடுகிறவளுக்கு நீண்ட ஆலாபனை எதற்கு? ஆரபியும் ஏறும்போது காந்தாரத்தையும் நிஷாதத்தையும் தாண்டிக் குதித்து ஓடுகிற ராகம். சித்திரை வீதியில் புறப்பாட்டு மேளம் கேட்டதும் வாசலுக்கு விரைகிறவர்களின் கால்கள் இந்தப் பாட்டில் இருக்கின்றன. நேரத்தை வைத்துப் பெருமையை அளக்கும் நமக்குத்தான் அது காதில் விழுவதில்லை.

அடுத்த கச்சேரியில் யாராவது இதைப் பாடினால், காபிக்கு எழுந்து போய்விடாதீர்கள்.