தெரிந்ததும் தெரிவதும்

பள்ளிக்கூடத்தில் அவன்தான் ஓவியன். சுதந்திர தினத்துக்குக் கரும்பலகையில் கலர் சாக்பீஸால் கொடி வரைவது, ஆண்டு விழா மேடைக்குப் பேனர் எழுதுவது, தலைமையாசிரியர் அறைக்குக் காந்தி படம் எல்லாம் அவன் கை வேலை. வார இதழ் அட்டையில் வந்த நடிகர் முகத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கினான் என்றால் இமை முடிகூடத் தப்பாது. ஃப்ரீஹேண்ட் லோயர், ஹையர் என்று அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகள் இரண்டையும் முடித்திருப்பான். அப்படி ஒருவன் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்தோ தேனியிலிருந்தோ கிளம்பி வந்து, சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியின் செய்முறைத் தேர்வில் தேறி, முதல் நாள் வகுப்பில் உட்கார்ந்து சுற்றும்முற்றும் பார்க்கிறான். அங்கே இருக்கும் அத்தனை பேரும் அவரவர் ஊரின் ஓவியர்கள்.

முதல் அடி அங்கேயே விழுந்துவிடுகிறது. இரண்டாவது அடிக்கு ஒரு வாரம் ஆகும்.

மேஜையில் ஒரு மண்குடம், இரண்டு செங்கல், பின்னால் தொங்கும் ஒரு வெள்ளைத்துணி. 'ஸ்டில் லைஃப்' என்பார்கள். இவ்வளவுதானா என்று அவன் பத்தே நிமிடத்தில் குடத்தைப் போட்டு, நிழல் தீற்றி, விரலால் தேய்த்து மழமழவென்று ஆக்கிவிடுகிறான். ஆசிரியர் பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பேசாமல் பார்க்கிறார். "உனக்குத் தெரிஞ்சதை வரையாதே தம்பி. தெரியறதை வரை."

குடத்தின் வாய் வட்டம் என்று அவனுக்குத் தெரியும். அதனால் வட்டமாகப் போட்டிருக்கிறான். அவன் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிவதோ இட்லித் தட்டைப் பக்கவாட்டில் பிடித்தாற்போல் மெலிந்த ஒரு கீற்று. படம் வரையத் தெரியாதவன் செய்யும் தவறு இல்லை இது. நிறைய வரைந்து கை பழகிப்போனவன் செய்வது. கை முந்திக்கொள்கிறது, கண் பின்தங்கிவிடுகிறது.

அதன் பிறகு பென்சிலால் அளக்கும் வேலை. கையை நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியைக் குடத்தின் விளிம்பிலும் கட்டைவிரல் நகத்தை அடியிலும் வைத்துப் பார்க்க வேண்டும். குடத்தின் உயரத்தில் எத்தனை பங்கு அகலம்? செங்கல் அதில் எத்தனை பங்கு? முழங்கை லேசாக மடங்கினாலும் கணக்கு போச்சு. அடுத்து, குடத்தை விட்டுவிட்டுக் குடத்துக்கும் செங்கலுக்கும் நடுவே இருக்கும் வெற்றிடத்தை வரையச் சொல்வார்கள். முதலில் கேலி போலத்தான் இருக்கும். வெற்றிடத்துக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. பெயர் இல்லாததால் மனசு குறுக்கே வந்து 'இது வட்டம்' என்று சொல்லவும் முடிவதில்லை. சந்து சரியாக வந்துவிட்டால் குடம் தானாகச் சரியாகிவிடும்.

இன்றைக்கு இதற்குப் புது எதிரி ஒன்று உண்டு, செல்போன். எதிரே பொருள் இருக்க, அதைப் போட்டோ எடுத்து, திரையைப் பார்த்து வரைகிற பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். போனுக்கு ஒற்றைக் கண். தலையை ஒரு அங்குலம் அசைத்தால் பொருள் எப்படி மாறும் என்பது அதற்குத் தெரியாது.

இந்தக் கல்லூரியை 1850இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர். 1929இல் தலைமைப் பொறுப்பேற்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்ததுதான் மெரினாவின் உழைப்பாளர் சிலை. கல்லூரிக் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் அதற்கு மாதிரியாக நின்றார்கள் என்று சொல்வார்கள். முதலாண்டு மாணவன் கடற்கரைக்குப் போனால் அந்தச் சிலையின் முதுகுத் தசையை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒரு வாரம் களிமண்ணைத் தொடவே பயப்படுவான்.

களிமண்ணுக்குத் தனியாக ஒரு பாடம் இருக்கிறது. கம்பிச் சட்டத்தின்மேல் மண்ணை அப்பி ஒரு தலையைச் செய்கிறான். மூக்கு வந்துவிட்டது, தாடை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஈரத்துணியைச் சுற்றி, மேலே பாலிதீன் போட்டு இறுக்கிக் கட்டாமல் சினிமாவுக்குப் போய்விடுகிறான். திங்கட்கிழமை வந்து பார்த்தால் நெற்றியிலிருந்து கன்னம் வரை வெடிப்பு, காது தரையில். யாரையும் குறை சொல்ல முடியாது. மண்ணை உடைத்துத் தொட்டியில் ஊறப்போட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். இரண்டாவது தலை பாதி நேரத்தில் முடிந்துவிடுவது அவனுக்கே ஆச்சரியம்.

ஸ்கெட்ச் போட எழும்பூர் ரயில் நிலையம் போவது பல தலைமுறைப் பழக்கம். யாரும் அசையாமல் இருக்க மாட்டார்கள். மூட்டைமேல் சாய்ந்திருக்கும் பெரியவரின் தோளைப் போடுவதற்குள் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார். அரை நிமிடத்தில் முதுகின் வளைவு மட்டும் கிடைக்கும். ரப்பருக்கு அங்கே வேலையில்லை.

காசுக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தாள் விலை, கலர் விலை. மேல்வகுப்பு அண்ணன்கள் பிதுக்கிப் போட்ட ட்யூபின் வயிற்றைக் கத்தரித்து, உள்ளே ஒட்டியிருக்கும் நீலத்தை வழித்தெடுத்து ஒரு செமஸ்டரை ஓட்டியவர்கள் உண்டு. ஊரிலிருந்து போன் வந்தால் அப்பாவின் கேள்வி ஒன்றுதான்: "முடிச்சா என்ன வேலைடா?"

முதல் வருடத்தை இப்படிப் பழையதை உதறுவதற்கென்றே ஒதுக்கும் வழக்கத்துக்கு உலகறிந்த முன்மாதிரி ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளி. 1919இல் அது தொடங்கியபோதே ஜோஹன்னஸ் இட்டன் என்ற ஆசிரியர் அடிப்படை வகுப்பை அமைத்தார். மூச்சுப் பயிற்சியோடு பாடத்தை ஆரம்பிப்பாராம். பின்னாளில் அந்த வகுப்பை எடுத்த யோசப் ஆல்பர்ஸ் ஒருநாள் செய்தித்தாள் கட்டைக் கொண்டுவந்து மாணவர்களிடம் கொடுத்து, இதை வைத்து ஏதாவது செய்யுங்கள், தாளை மதித்துச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திரும்பி வந்தபோது கோட்டை, கப்பல், விமானம், முகமூடி என்று தரையெல்லாம் படைப்புகள். எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. இதையெல்லாம் வேறு பொருளில் இன்னும் நன்றாகச் செய்யலாமே என்றார். ஒரு மாணவன் மட்டும் தாளை நீளவாக்கில் மடித்து நிமிர்த்தி வைத்திருந்தான். துவளும் தாள் எழுந்து நின்றது. அதைத்தான் அவர் எடுத்துக் காட்டினார்.

சென்னைக் கல்லூரியில் 1957இல் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர், தந்தித் துறையில் வேலை பார்த்துவிட்டு 1936இல் அதே கல்லூரிக்கு மாணவராக வந்தவர். அப்போது அவருக்கு வயது 25. திருச்சி மாவட்டத்துக் கீராம்பூரிலிருந்து வந்து 1966இல் அங்கே படிப்பை முடித்த ஓவியர் ஆதிமூலம், காந்தி நூற்றாண்டான 1969இல் நூறு காந்தி ஓவியங்களை வரைந்தார். கோட்டின் வேகத்திலேயே நடையும் மூப்பும் தெரியும் காந்தி. இமை முடியை எண்ணிப் போடுகிற வேலை அங்கே இல்லை.

முதல் வருடம் முடிந்து நம் மாணவன் ஊருக்குப் போகிறான். மாற்றுச் சான்றிதழ் நகலோ எதுவோ வாங்கப் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. தலைமையாசிரியர் நாற்காலிக்கு மேலே அவன் பத்தாம் வகுப்பில் வரைந்த காந்தி, கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருக்கிறது. நின்று பார்க்கிறான். இடது காது ஒரு விரற்கடை மேலே ஏறியிருக்கிறது. இத்தனை நாளாக அதை யாரும் கவனிக்கவில்லை, வரைந்தவன் உட்பட.