ஒரு உண்ணாவிரதம்... ஒரு பாவ் பாஜி!

செமஸ்டர் லீவுக்கு கோவா, மணாலினு பிளான் போட்டுட்டு, கடைசியில டி.வி. ரிமோட்டும் கையுமா வீட்டுல உட்கார்ந்திருக்கிற ஆளா நீங்க? இந்த தடவை ரூட்டை மாத்துங்க. சென்னை சென்ட்ரல்ல நவஜீவன் எக்ஸ்பிரஸ் ஏறுங்க. ஒன்றரை நாள் அரட்டை அடிச்சு முடிச்சா... அகமதாபாத்!

ஒரு காலத்துல இதுக்கு 'இந்தியாவின் மான்செஸ்டர்'னு பேரு. 1861-ல ரண்சோட்லால் சோட்டாலால் இங்கே முதல் துணி மில்லை ஓட்ட, அப்புறம் ஊரைச் சுத்தி புகைபோக்கியா முளைச்சது. 1980, 90-களில் விசைத்தறிப் போட்டி, ஓட்டை மெஷின், பாலியெஸ்டர் மோகம்னு அடி மேல் அடி. ஒண்ணு ரெண்டு தப்பிக்க, பெரும்பாலான மில்களுக்குப் பூட்டு. ஊர் மட்டும் சாப்பிடுறதை நிறுத்தவே இல்லை!

காலையில ஃபாஃப்டா - ஜலேபியோட ஆரம்பிங்க. மொறுமொறு கடலைமாவு உப்புப் பண்டத்தோட சூடான ஜிலேபி, தொட்டுக்க பப்பாளிக்காய், பச்சை மிளகாய். 'என்னய்யா காம்பினேஷன்?'னு முகம் சுளிப்பீங்க. ரெண்டாவது கடியில சரண்டர் ஆயிடுவீங்க.

வயிறு நிறைஞ்சாச்சா? நேரா சபர்மதி ஆசிரமம். காந்தி 1917-ல இங்கே குடிவந்தார். அடுத்த வருஷமே ஒரு சினிமா கதை நடந்தது. பிளேக் நோய்க்குப் பயந்து ஆளுங்க ஊரை விட்டு ஓடாம இருக்க, மில் முதலாளிங்க ஸ்பெஷல் போனஸ் கொடுத்தாங்க. நோய் போனதும் போனஸும் போச்சு. விலைவாசி மட்டும் இறங்கலை. தொழிலாளிங்க கேட்டது 35 சதவிகித சம்பள உயர்வு. முதலாளிங்க 20-க்கு மேல அசையலை. 1918 பிப்ரவரியில கதவடைப்பு!

முதலாளிங்க பக்கம் முன்னாடி நின்னவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளிங்க பக்கம்? அவரோட சொந்த அக்கா அனசூயா! சபர்மதி கரையில ஒரு கருவேல மரத்தடியில தினமும் கூட்டம். நாளாக ஆக வீட்டுல அடுப்பு எரியலை. 'அவங்களுக்கென்ன, கார்ல வர்றாங்க, நல்லா சாப்பிடுறாங்க... பட்டினி நமக்குத்தானே'னு ஒரு முணுமுணுப்பு. அது காந்தி காதுக்கு வந்தது. மார்ச் 15-ம் தேதி, 'நீங்க ஜெயிக்கிற வரைக்கும் நானும் சாப்பிடப்போறதில்லை'னு சொல்லிட்டார். இந்தியாவுல ஒரு பொதுப் பிரச்னைக்காக அவர் இருந்த முதல் உண்ணாவிரதம் அதுதான். மூணே நாள்ல சமரசம். கடைசியில மத்தியஸ்தர் கொடுத்த தீர்ப்பு, கேட்ட அதே 35 சதவிகிதம்! ரெண்டு வருஷம் கழிச்சு பிறந்தது மஜூர் மகாஜன் தொழிற்சங்கம்.

(அந்த அம்பாலாலோட பையன்தான் நம்ம விண்வெளி விக்ரம் சாராபாய். மில் காசு எங்கே வரைக்கும் பறந்திருக்கு பாருங்க!)

ஆசிரமத்துல இருந்து ஆசிரம ரோட்டுலயே தெற்கே வாங்க. வழியில மில் முதலாளிகள் சங்கக் கட்டடம். 1954-ல முடிஞ்சது, வடிவமைச்சவர் லெ கார்பூசியே. சரிவா ஏறுற நடைபாதை, வெயிலைத் தடுக்கிற சாய்ஞ்ச கான்கிரீட் தடுப்புகள்... ஆர்க்கிடெக்சர் ஸ்டூடன்ட்ஸ் கேமராவை மறக்காதீங்க.

நேரு பாலத்தைத் தாண்டினா லால் தர்வாஜா. அங்கே சிதி சையத் மசூதியோட கல் ஜன்னலைப் பாருங்க. 1573 வாக்குல, ஒரு மரமும் கொடியும் பின்னிக்கிட்ட மாதிரி கல்லுல செதுக்கியிருக்காங்க. ஐ.ஐ.எம். அகமதாபாத் லோகோ இதிலிருந்து வந்ததுதான். எதிர்ல இருக்கிறது 'ஹவுஸ் ஆஃப் எம்.ஜி.'. மில் அதிபர் மங்கள்தாஸ் கிரிதர்தாஸ் 1924-ல கட்டின பங்களா, இப்ப ஹோட்டல். மொட்டை மாடியில குஜராத்தி தாலி. பர்ஸ் கனமா இருந்தா மேலே ஏறுங்க. இல்லையா, நோ டென்ஷன்... பக்கத்துலயே 'லக்கி' டீக்கடை. டேபிள்களுக்கு நடுவுல நிஜக் கல்லறைகள்! கம்பி வேலி போட்டு மரியாதையா வெச்சிருக்காங்க. சுவத்துல ஓவியர் எம்.எஃப்.ஹுசேன் கொடுத்த பெயின்ட்டிங். மஸ்கா பன்னை டீயில முக்கிக்கிட்டே எல்லாத்தையும் ரசிக்கலாம்.

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல மானேக் சௌக். பகல்ல தங்க வியாபாரம் நடக்கிற இடம். நகைக்கடை ஷட்டர் இறங்கினதும் அதே வாசல்ல அடுப்பு ஏறும். வெண்ணெயில குளிச்ச குவாலியர் தோசை (நம்ம ஊர் தோசையானு சண்டைக்குப் போகாதீங்க!), அன்னாசி சாண்ட்விச், குல்ஃபி, அப்புறம் பாவ் பாஜி. பம்பாய் மில் தொழிலாளிங்க அவசரப் பசிக்காகப் பிறந்த அயிட்டம்னு இதைச் சொல்வாங்க. தட்டை வாங்கும்போது அந்தக் கருவேல மரத்தடியை ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க.

மில் மூடினப்போ வேலை இழந்தவங்க பல்லாயிரம் பேர். ஆட்டோ ஓட்டப் போனவங்க, தள்ளுவண்டி போட்டவங்க நிறைய. ராத்திரி ரூமுக்குத் திரும்பும்போது ஆட்டோக்காரர்கிட்ட, 'உங்க வீட்டுல யாராவது மில்லுல வேலை பார்த்தாங்களா, பாய்?'னு கேட்டுப் பாருங்க. எந்த கைடும் சொல்லாத அகமதாபாத் கதை அங்கேதான் கிடைக்கும்!